தோளுக்கு மேலே போனால்...

தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஏதாவதொரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஒரு ஜிம் இருக்கிறது. படி ஏறும்போதே இரும்பும் வியர்வையும் கலந்த வாசனை வரும். வாசலில் ஆஞ்சநேயர் படம். பக்கத்தில் அர்னால்டு படம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஊதுவத்தி. உள்ளே நுழைந்தால் மூன்று சுவர்களிலும் கண்ணாடி.

வம்பே அந்தக் கண்ணாடியில்தான் ஆரம்பிக்கிறது.

கண்ணாடியில் நெஞ்சு தெரியும். புஜம் தெரியும். முதுகு தெரியாது. தெரியாத முதுகுக்காக எவன் மெனக்கெடுவான்? திங்கட்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்கள், பெஞ்ச் பிரஸ்ஸுக்கு மட்டும் ரேஷன் கடை மாதிரி க்யூ நிற்கும். மல்லாக்கப் படுத்துக்கொண்டு இரும்பு ராடை நெஞ்சு வரை இறக்கி மேலே தள்ளுகிற பயிற்சி அது. திங்கள் என்றால் செஸ்ட் என்பது ஜிம் உலகத்தில் எழுதாத சட்டம். செவ்வாய் ஷோல்டர். புதன் மறுபடியும் செஸ்ட், ஏனென்றால் சனிக்கிழமை சிநேகிதன் கல்யாண ரிசப்ஷன். முதுகுக்கும் காலுக்கும் ஒதுக்கிய நாட்களில் மட்டும் மழை வரும், அல்லது ஊரிலிருந்து மாமா வருவார்.

நாலு மாசத்தில் நெஞ்சு வந்துவிடுகிறது. ஆறாவது மாசம் தோள்வலியும் வந்துவிடுகிறது.

முதலில் ராடை இறக்கும்போது மட்டும் தோள் முனையில் சுருக்கென்கிறது. அப்புறம் சட்டையில் கை நுழைக்கும்போது. அப்புறம் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்கும்போது. கடைசியில் ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கமே போய்விடுகிறது. "நோ பெயின், நோ கெயின் மச்சி" என்று நண்பர்கள் தத்துவம் சொல்வார்கள். தோள் அவர்களுடையது இல்லை.

எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு இதில் ஒரு வேலையே கை நழுவிப் போயிற்று. போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். எழுத்துத் தேர்வில் பாஸ். அடுத்த கட்டத்தில் ஆண்களுக்குக் கயிறு ஏறுவது உண்டு. அதற்குப் பலம் வேண்டுமே என்று மூன்று மாசம் ஜிம்மே கதியென்று கிடந்தான். கயிறு ஏறுவது இழுக்கிற வேலை. இவன் செய்ததெல்லாம் தள்ளுகிற வேலை. அதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது வலது தோள் மக்கர் பண்ண ஆரம்பித்தது. வலி மாத்திரையை முழுங்கிவிட்டு மைதானத்துக்குப் போனான். பாதிக் கயிற்றில் கை விட்டுப்போயிற்று. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அவனை எனக்குத் தெரிந்த ஒரு பிஸியோதெரபிஸ்ட் அம்மாவிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவர் சொன்னதும், நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்ந்ததுதான் இந்த வாரம்.

முதலில் மூட்டைப் பார்த்துவிடலாம். இடுப்பு மூட்டு இருக்கிறதே, அது ஆட்டுக்கல் குழியில் குழவி உட்கார்ந்த மாதிரி. அவ்வளவு லேசில் அசைக்க முடியாது. தோள் மூட்டு அப்படியில்லை. ஸாஸரில் திருப்பதி லட்டை வைத்த மாதிரி. பந்து பெரிசு, குழி சின்னது, அதுவும் ஆழமில்லாதது. எந்த நேரத்திலும் பந்தின் கால்வாசியோ மூன்றில் ஒரு பங்கோதான் குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் கையை மேலே, பக்கவாட்டில், பின்னால் என்று இஷ்டத்துக்குச் சுழற்ற முடிகிறது. முதுகைச் சொறிந்துகொள்ள முடிகிறது. (காலால் முயற்சி செய்ய வேண்டாம்.) ஆனால் எலும்பு பிடித்துக்கொள்ளாததைத் தசை பிடித்துக்கொண்டாக வேண்டும்.

அப்படிப் பிடித்துக்கொள்வது நாலு சின்னத் தசைகள். சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரஸ் மைனர், சப்ஸ்கேபுலாரிஸ். பெயரைக் கேட்டால் ரோமாபுரிச் சக்கரவர்த்திகள் மாதிரி இருக்கிறதே தவிர, பார்ப்பதெல்லாம் கடைநிலை ஊழியர் வேலை. நாலையும் சேர்த்து ரொட்டேட்டர் கஃப் என்கிறார்கள்.

திருவாரூர்த் தேர் பார்த்திருக்கிறீர்களா? வடம் பிடிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். டி.வி. காமிரா அவர்களைத்தான் காட்டும். ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்தபடி ஓடி, சரியான நேரத்தில் முட்டுக்கட்டை போடுகிற சில பேர் இல்லையென்றால், தேர் யார் வீட்டுத் திண்ணையிலாவது ஏறிவிடும். தோளிலும் அதே கதை. வடம் பிடிப்பது டெல்ட்டாய்டு என்கிற பெரிய தசை. தோள் மேல் உருண்டையாக, சட்டை கிழிகிற மாதிரி நிற்குமே, அதுதான். அது இழுத்தால் பந்து மேலே போகப் பார்க்கும். மேலே அக்ரோமியன் என்று ஓர் எலும்புக் கூரை. கூரைக்கும் பந்துக்கும் நடுவில் இருக்கிற சந்து சுமார் ஒரு சென்டிமீட்டர். அந்தச் சந்துக்குள்தான் சுப்ராஸ்பைனேட்டஸின் தசைநாண் போகிறது. பந்து மேலே ஏறிவிடாமல் நடுவிலேயே அழுத்திப் பிடிப்பது நம் முட்டுக்கட்டைக்காரர்கள் நாலு பேரும்தான்.

வடம் பிடிக்கிறவர்களுக்கு ஆறு மாசம் முட்டையும் சிக்கனும் போட்டு வளர்த்துவிட்டு, முட்டுக்கட்டைக்காரர்களைப் பட்டினி போட்டால் தேர் எங்கே போய் நிற்கும்?

இப்போது ஒரு சின்னப் பரிசோதனை. பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு (இந்தப் பாராவைப் படித்த பிறகு) நன்றாகக் கூன் போட்டு உட்காருங்கள். ஆபீஸில் எப்போதும் உட்காருகிற மாதிரி இருந்தாலே போதும். அப்படியே ஒரு கையை முன்பக்கமாகத் தலைக்கு மேலே தூக்குங்கள். எங்கேயோ ஓர் இடத்தில் முட்டும். பலவந்தம் வேண்டாம். கையை இறக்கிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து மறுபடி தூக்குங்கள். இன்னும் கொஞ்சம் மேலே போகிறதா? கை 180 டிகிரி மேலே போகும்போது, ஏறக்குறைய 120 டிகிரிதான் பந்து மூட்டின் சம்பாத்தியம். மீதி 60, முதுகில் இறக்கை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் தோள்பட்டை எலும்பு சுழன்று தருவது. கூன் போட்டால் அந்த எலும்பு நகர வழியில்லை. ஜிம்மில் 'ஃபார்ம்', 'ஃபார்ம்' என்று சொல்கிறார்களே, அது அழகுக்காக இல்லை. எலும்புக்கு இடம் விடுவதற்காக.

அந்த அம்மா பையனை பெஞ்சில் மல்லாக்கப் படுக்கவைத்து, கையில் ஒரு ஒட்டடைக் கம்பைக் கொடுத்து, "எப்படித் தள்ளுவே, காட்டு" என்றார். காட்டினான். முழங்கை இரண்டும் தோளுக்கு நேராக விரிந்திருந்தன.

"இப்படி எத்தனை கிலோ தம்பி?"

"எண்பது மேடம்."

"ஆரம்பிச்சு எத்தனை மாசம்?"

"மூணு."

"மேலேர்ந்து பார்த்தா நீ சிலுவை மாதிரி இருக்கே. அம்பு மாதிரி இருக்கணும்" என்றார்.

சிலுவைக்கும் அம்புக்கும் உள்ள வித்தியாசம்தான் பாதி வைத்தியம். முழங்கை உடம்போடு 90 டிகிரியில் விரிந்தால், ராடு கீழே வரும்போது பாரமெல்லாம் தோள் மூட்டின் முன்பக்கத்தில் இறங்கும். 45-லிருந்து 60 டிகிரிக்குள் வைத்துக்கொண்டால் நெஞ்சும் முழங்கைத் தசையும் பங்கு போட்டுக்கொள்ளும். ராடு இறங்க வேண்டிய இடம் கழுத்துக்குக் கீழே இல்லை, மார்பின் கீழ்ப்பாகத்தில். பிடி ரொம்ப அகலமாக வேண்டாம். தோள் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதற்குமேல் போனால் தோளுக்குத்தான் கேடு. ராடைத் தொடுவதற்கு முன்பே தோள்பட்டை எலும்பு இரண்டையும் பின்னால் நெருக்கி, கீழே இழுத்து, பெஞ்சோடு அழுத்திக்கொள்ள வேண்டும். "பேன்ட் பின் பாக்கெட்டுக்குள்ள அதை சொருகற மாதிரி நெனைச்சுக்கோ" என்றார் அந்த அம்மா. கடைசி தள்ளலில்கூட அது அவிழக் கூடாது. கட்டைவிரல் ராடைச் சுற்றி இருக்க வேண்டும். ராடை நெஞ்சில் மோதித் துள்ளவிடுவது, டயர் கடைக்காரர் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நம் விலா எலும்பு டயர் இல்லை.

"எத்தனை தட்டு மாட்டிக்கலாம் மேடம்?"

"தட்டே வேண்டாம். வெறும் ராடு. ஆறு வாரம்."

பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எண்பது கிலோ தள்ளினவன் இருபது கிலோ ராடை மட்டும் வைத்துக்கொண்டு, அதுவும் நேற்று வந்த ஒல்லிப் பையன்கள் பார்க்க, பெஞ்சில் படுப்பதென்றால்... தோள்வலியைவிட இந்த வலிதான் பெரிசு. தமிழ்நாட்டு ஜிம்களில் பாதித் தோள்கள் போவது இரும்பின் பாரத்தால் இல்லை, பக்கத்து பெஞ்ச்காரன் பார்வையால் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

மற்ற பயிற்சிகளையும் கேட்டுவிடுகிறேன் என்று கேட்டேன். ராடைக் கழுத்துக்குப் பின்னால் இறக்கி மேலே தள்ளுவது, 'விங்ஸ்' வரவேண்டும் என்று மேல் கம்பியைப் பிடரிக்குப் பின்னால் இழுப்பது இரண்டுக்கும், "பெரும்பாலானவங்களுக்குத் தேவையே இல்லை" என்றார். தோள் அதன் எல்லை முட்டுகிற இடத்தில்தான் பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கும். இரண்டையும் முகத்துக்கு முன்னால் செய்தால் அதே பலன். ராடை இரண்டு கையாலும் நெருக்கிப் பிடித்து மோவாய் வரை தூக்குவார்களே, அப்ரைட் ரோ என்று, அதில் கை உள்பக்கம் திருகியபடியே உயரப் போகிறது. சந்து குறுகுவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. செய்தே தீருவேன் என்றால் முழங்கை தோள் உயரத்தைத் தாண்டாமல் நிறுத்த வேண்டும். டம்ப்பெல்ஸைப் பக்கவாட்டில் தூக்கும்போது, ஜக்கிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற மாதிரி சுண்டுவிரலை மேலே திருப்பச் சொல்கிற மாஸ்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். கட்டைவிரல் கொஞ்சம் மேல்நோக்கி, கை நேர்ப் பக்கத்தில் இல்லாமல் முப்பது டிகிரி முன்னால். தோள்பட்டை எலும்பு முதுகில் படிந்திருக்கும் சாய்வே அதுதான்.

நின்றுகொண்டு தலைக்கு மேலே தள்ளுவது நல்ல பயிற்சிதான், முதுகைப் பின்னால் வளைக்காதவரை. இந்த வளைவுக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஒரு காலத்தில் ஒலிம்பிக் பளு தூக்குதலில் மூன்று பிரிவு. அதில் 'பிரஸ்' என்பது ராடைத் தோளிலிருந்து நின்றபடியே கைபலத்தால் மட்டும் மேலே தள்ளுவது. வீரர்கள் பின்னால் சாய்ந்தார்கள். இன்னும் சாய்ந்தார்கள். நின்றுகொண்டே படுத்துவிட்டார்கள் என்று சொல்கிற அளவுக்குச் சாய்ந்ததில், எது சரி எது தப்பு என்று நடுவர்களுக்கே விளங்காமல் போய், 1972 மூனிக் ஒலிம்பிக்ஸோடு அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள்.

அதே 1972-ல்தான் அமெரிக்க டாக்டர் சார்லஸ் நீர் தோள்வலி பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மேலே சொன்ன சந்தில் தசைநாண் எலும்பில் உரசுவதுதான் வலிக்குக் காரணம், கூரை எலும்பைக் கொஞ்சம் செதுக்கிவிட்டால் சரியாகும் என்றார். கேட்பதற்கு எவ்வளவு சுலபமாகப் புரிகிறது! கதவு தட்டினால் இழைப்புளி போடுகிறோமே, அப்படி. உலகம் முழுக்கப் பல லட்சம் தோள்களைச் செதுக்கினார்கள். 2018-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் பிரிட்டனிலிருந்து ஒரு ஆராய்ச்சி வந்தது. ஒரு பகுதி நோயாளிகளுக்கு எலும்பைச் செதுக்கினார்கள். இன்னொரு பகுதிக்குக் குழாய் விட்டுப் பார்த்ததோடு சரி, செதுக்கவில்லை. யாருக்கு எது என்று நோயாளிகளுக்குச் சொல்லவில்லை. இரண்டு கோஷ்டியும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தேறினார்கள். அதே வருஷம் ஃபின்லாந்திலிருந்தும் இதே மாதிரி முடிவு. ஆக, இப்போது உரசலை மட்டும் யாரும் குற்றம் சொல்வதில்லை. தசைநாண் தாங்கக்கூடியதைவிட வேகமாக பாரத்தை ஏற்றுவதுதான் முக்கியமான வில்லன் என்கிறார்கள். வைத்தியமும் அதன்படியே மாறிவிட்டது. கிழிசல், எலும்பு முறிவு போன்ற சமாசாரங்களை விட்டுவிட்டால், முதல் மருந்து கத்தி இல்லை. அளவாகவும் முறையாகவும் செய்கிற பயிற்சி.

இதற்கு நம் ஊரிலேயே பெரிய அத்தாட்சி இருக்கிறது. மணிப்பூரின் மீராபாய் சானு. 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் க்ளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று முயற்சியும் தோல்வி. 2017-ல் உலக சாம்பியன். பிறகு முதுகுத் தொல்லை, தோள் தொல்லை. டோக்கியோ நெருங்குகிற சமயம், 2020-ல் அமெரிக்காவுக்குப் போனார். அங்கே ஆரன் ஹார்ஷிக் என்ற பிஸியோதெரபிஸ்ட், தானும் ஒரு காலத்தில் பளு தூக்கியவர். அவர் மீராபாயை மூலையில் உட்கார்ந்து ஓய்வெடுக்கச் சொல்லவில்லை. எந்தத் தசை வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது என்று பார்த்து, தூக்கும் விதத்தைச் சீர்ப்படுத்தினார். 2021 ஏப்ரலில் தாஷ்கண்ட் ஆசியப் போட்டியில் 119 கிலோவைத் தலைக்கு மேலே தூக்கி உலக சாதனை செய்தார் மீராபாய். அவர் போட்டியிட்டது 49 கிலோ எடைப் பிரிவு! அந்த வருஷமே டோக்கியோவில் 87-ம் 115-ம் சேர்த்து 202 கிலோ, வெள்ளிப் பதக்கம். 119 கிலோ ஏறியபோது தாங்கிய தோள், நம் பையனுக்கு எண்பதில் போயிற்று. வித்தியாசம் பல வருஷப் பழக்கத்திலும் முறையிலும் இருக்கிறது.

பட்டினி கிடக்கும் முட்டுக்கட்டைக்காரர்களுக்கு என்ன சாப்பாடு? அந்த அம்மா கொடுத்தது பழைய சைக்கிள் ட்யூப். ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி (நடுவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டால் கை விலகாது), முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். பதினைந்து தடவை. பார்ப்பதற்குக் கதவு திறக்கிற மாதிரி இருக்கும். யாரும் இதைப் போட்டோ எடுத்துப் போட மாட்டார்கள். அதே ட்யூபை முகத்தை நோக்கி இழுப்பது இன்னொன்று. அப்புறம் ஒரு கணக்கு: ஒரு தடவை தள்ளினால், குறைந்தது ஒரு தடவை இழுக்க வேண்டும். இழுப்பது கொஞ்சம் கூடவே இருந்தாலும் நஷ்டமில்லை. பாரம் ஏற்றுவது வாரத்துக்குக் கொஞ்சம், அதுவும் கடைசி தள்ளலிலும் அம்பு சிலுவையாகாமல் இருந்தால் மட்டும். முதல் செட் எப்போதும் வெறும் ராடு.

பழைய தேகப்பயிற்சி சாலைகளில் கர்லா கட்டை சுற்றுவார்கள். தலைக்குப் பின்னால் கொண்டுபோய், சுழற்றி, முன்னால் கொண்டுவந்து, எல்லாம் நிதானமாக. நெஞ்சும் புஜமும் மட்டும் வீங்க வைக்கிற வித்தை இல்லை அது, தோள் முழுக்கச் சுழல வேண்டும். இப்போதைய ஜிம்களில் அந்தக் கட்டை கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுக்க உபயோகப்படுகிறது.

பையன் நாலு மாசம் ட்யூபை இழுத்தான். இப்போது அறுபது கிலோ அம்பு போலத் தள்ளுகிறான், எண்பதுக்கு அவசரமில்லை என்கிறான். பள்ளிக்கூட மைதானத்துப் புளியமரத்தில் கயிறு கட்டி ஏறிப் பழகுகிறான். வயசு வரம்புக்குள் இன்னும் ஒரு செலக்‌ஷன் பாக்கி இருக்கிறது.

வலியிலும் ஜாதி உண்டு. பயிற்சி செய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ தசை முழுக்கக் கனமாக வலித்து, மூன்று நாலு நாளில் போய்விடுவது சாது. தோள் முனையில் ஓர் இடத்தில் சுருக்கென்று குத்துவது, ராத்திரி எழுப்பிவிடுவது, கையைத் தூக்கவே முடியாதது, விரல் மரத்துப்போவது - இவை டாக்டரிடம் போக வேண்டிய ரகம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு பாரம் தூக்குவது, பால் தீய்கிற வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொள்கிற மாதிரி. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, முக்கியமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு, ஜிம் பக்கமே போகாமலும் தோள் இறுகிப்போகும். அடுத்தவர் பிடித்துத் தூக்கினாலும் கை போகாது. அது வேறு வியாதி, வேறு வைத்தியம். இடது தோளோடு சேர்ந்து நெஞ்சும் இறுக்கி, வியர்த்துக் கொட்டினால் பிஸியோதெரபிஸ்டைத் தேடாதீர்கள், நேராக ஆஸ்பத்திரி.

"நான் ஏன் சார் இதைப் படிக்கணும், எனக்கும் ஜிம்முக்கும் சம்பந்தமே இல்லை" என்கிற வாசகர்களுக்கு: உங்கள் வீட்டில் தண்ணீர் கேன் இருக்கிறதா? இருபது லிட்டர் என்றால் இருபது கிலோ, ஜிம் ராடு அளவு. அதைக் கழுத்தைப் பிடித்து, கையை நீட்டி, இடுப்பைத் திருப்பி, ஒரே வீச்சில் ஸ்டாண்டு மேல் கவிழ்க்கிறோம். வார்ம் அப் கிடையாது, மாஸ்டர் கிடையாது. பாரம் உடம்பை விட்டு எவ்வளவு தள்ளிப் போகிறதோ, அவ்வளவு அதிகமாகத் தோளுக்குக் கனக்கும். கடப்பாரை நெம்புகிற கணக்குதான். கேனை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள், முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும், முதலில் ஒரு முக்காலி மேல் வைத்து, அங்கிருந்து ஸ்டாண்டுக்கு. திரும்புவதைக் காலால் திரும்புங்கள். அதுவும் முடியாதென்றால் கேன் போடுகிற தம்பியையே மேலே மாட்டிவிட்டுப் போகச் சொல்லலாம். பத்து ரூபாய் கூடக் கேட்பார். கொடுத்துவிடுங்கள்; அவர் ஒரு நாளைக்கு எத்தனை மாடி ஏறுகிறார் என்றும், எந்தத் தோளில் தூக்குகிறார் என்றும் அப்படியே விசாரியுங்கள்.